எதிர்ப்பெட்டி

காசியானின் பெட்டியில் அந்த நேரத்தில் காசியானைத் தவிர வேறு யாரும் இருந்திருக்கக் கூடாது.

பொழுது சாயும் வேளையில் ஹோல்கார் மலை மேல் ஏற யாரும் சீட்டு வாங்குவதில்லை. எல்லோரும் இறங்கத்தான் செய்வார்கள். ரோமெட்டின் பெட்டியில் இறங்குகிறவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஈரக் கம்பளியின் வாடை, சறுக்குப் பலகைகளில் தேய்த்த மெழுகின் வாடை, யாரோ மேலே குடித்துவிட்டு வந்த பேரிக்காய்ச் சாராயத்தின் வாடை, எல்லாம் கலந்து கண்ணாடிகளில் ஆவியாகப் படிந்திருந்தன. அவன் கையுறையால் ஒரு வட்டம் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கீழிருந்து எதிர்ப்பெட்டி ஏறி வந்தது. நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடந்தன. ஒரு மூச்சு நேரம்தான். மஞ்சள் வெளிச்சம் விழுந்த ஜன்னலில் காசியான் நின்றான். அவன் தோளை ஒட்டி, நீல ஏப்ரனோடு, ஒரு பெண் நின்றாள்.

புர்கி. ரோமெட்டின் மனைவி.

பெட்டி கடந்து போய்விட்டது. ரோமெட் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தான். சாம்பல் நிற மேகத்துக்குள் அந்த மஞ்சள் சதுரம் சிறுத்துக்கொண்டே போனது. சற்று முன்புதான் மேல் நிலையத்து உணவகத்தில், கூலாஷ் குழம்புப் பாத்திரத்துக்குப் பின்னால் அவளை நிற்கவைத்துவிட்டு அவன் இறங்கத் தொடங்கியிருந்தான். மேலே இருந்தவள் கீழிருந்து எப்படி வருவாள்? அவன் பெட்டியை முந்திக்கொண்டு அவள் இறங்கியிருக்க வேண்டும். அப்படி இறங்க அந்த மலையில் வழியே கிடையாது.

ஹோல்கார் ரோப் காரில் இரண்டே பெட்டிகள். கிணற்றில் ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டிய வாளிகள் மாதிரி, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஒன்று மேலே போய் நிற்கும் அதே நொடியில் மற்றது கீழே வந்து நிற்கும். ஒரு பெட்டிக்கு ரோமெட், ஒரு பெட்டிக்குக் காசியான். ஓட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. கீழே இயந்திர அறையில் உட்கார்ந்து வடத்தை இழுப்பவன் ஓத்மார். இவர்கள் கதவைத் திறந்து மூட வேண்டும், ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும், ஏதாவது கோளாறு என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால், நிறுத்தியவன் 'விடு' என்று சொல்லும்வரை ஓத்மார் வடத்தைத் தொட மாட்டான்.

சிறு வயதிலிருந்து நண்பர்கள். ஆனால் வேலை நேரத்தில் ரோமெட்டும் காசியானும் ஒரே இடத்தில் நின்றதே இல்லை. நிற்கவும் முடியாது. நடுவழியில் கடந்து போகும் அந்த ஒரு மூச்சுதான் அவர்களுக்குள் சந்திப்பு. அப்போது கையைத் தூக்கிக்கொள்வார்கள். எதிர்ப்பெட்டிக்குள் மட்டும் பார்க்க மாட்டார்கள். பெட்டிக்காரர்களின் வழக்கம் அது. கை உயரும், கண் தன் வடத்தின் மேலேயே இருக்கும். ஏன் என்று கேட்டால் தலை சுற்றும் என்பார்கள் சிலர். அடுத்தவன் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரி, நாகரிகமில்லை என்பார்கள் சிலர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரோமெட்டும் பார்த்ததில்லை.

இந்தப் புத்தாண்டுக்குப் பிறகுதான் பார்க்க ஆரம்பித்தான்.

காரணம் ஓத்மார் விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சு. புத்தாண்டுக்கு மறுநாள் எல்லோரும் இருக்கும்போது பீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு சொன்னான்: "நீ கீழ இருந்தா காசியான் மேல, உன் பொண்டாட்டிகிட்ட. நீ மேல போனா அவன் கீழ. சரி பாதிப் பாதி. அண்ணன் தம்பிகூட சொத்தை இவ்வளவு நேர்மையாப் பிரிச்சதில்லடா."

எல்லோரும் சிரித்தார்கள். காசியானும் சிரித்தான். புர்கி கையிலிருந்த துணியை ஓத்மாரின் முகத்தில் எறிந்துவிட்டுச் சிரித்தாள். ரோமெட்டும் சிரித்தான். அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அது உண்மை. அவன் பெட்டி கீழே நிற்கும் ஒவ்வொரு தடவையும் காசியானின் பெட்டி மேலே நிற்கிறது. அடுத்த மணி அடிக்கும்வரை காசியான் உணவகத்துக்குள் போய், கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு காபி குடிக்கிறான். அங்கே அவனுக்கென்று ஒரு பச்சைக் கோப்பை கொக்கியில் தொங்குகிறது. ரோமெட்டுக்கு வருகிறவர் போகிறவர் குடிக்கும் வெள்ளைக் கோப்பைதான். ஒரு தடவை அதைக் கேட்டேவிட்டான். அது காசியான் தன் வீட்டிலிருந்து எடுத்து வந்தது, நீயும் எடுத்து வா என்றாள் புர்கி. அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற மாதிரி சொன்னாள். கல்யாணத்துக்கு முன், தீயணைப்புப் படை நடன விழாவில் தொடங்கி ஒரு கோடை முழுக்க அவள் காசியானோடுதான் ஆடினாள் என்பது ஊருக்கே தெரியும். காசியான் எல்லை தாண்டி வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் ஊருக்குத் தெரியும். அதை யாரும் சொன்னதில்லை. யாரும் சொல்லாததுதான் ரோமெட்டின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பெட்டி கீழ் நிலையத்துக்குள் நுழைந்து முட்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அவன் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த போனை எடுத்து மேலே உணவகத்துக்கு அடித்தான். கடைசி ஆள் கதவைத் தாண்டும் முன்பே எடுத்துவிட்டாள்.

"எங்க இருக்க?" என்றான்.

"நீ எங்க அடிச்சியோ அங்கதான் இருக்கேன்," என்றாள் புர்கி. "ஏன், மூச்சு வாங்குது உனக்கு?"

பின்னால் தட்டுகளின் ஓசை கேட்டது. இயந்திரத்தில் பால் நுரைக்கும் ஓசை கேட்டது. அதற்கும் பின்னால் ஓர் ஆண் சிரித்தான். காசியானின் சிரிப்பு. அது மேலே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒன்றுமில்லை என்று ரோமெட் வைத்துவிட்டான்.

அன்று தெற்குக் காற்று. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வெதுவெதுப்பாக இறங்கி, கூரைப் பனியைச் சொட்டுச் சொட்டாக உருக்கி, கம்பங்களுக்கு நடுவே ஊளையிடும் காற்று. அது வீசும் நாட்களில் மாடு உதைக்கும், பால் திரியும், புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவார்கள் என்பது பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வது. ரோமெட்டுக்கு நெற்றிப் பொட்டில் காலையிலிருந்து விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. காற்றுதான், கண்ணாடியில் விழுந்த நிழல்தான், என்று சொல்லிக்கொண்டு காலிப் பெட்டியில் ஏறினான். மணி அடித்தது. வடம் இழுத்தது.

காலிப் பெட்டி கூட்டமுள்ள பெட்டியைப் போல் நகராது. கைப்பிடிகள் தாமாக ஆடும். தரைத் தகடு முனகும். கம்பத்தைத் தாண்டும்போது வயிற்றைக் கவ்வி இழுத்துவிட்டு விடும். அவன் நடுவில் நின்றுகொண்டு எதிரே மேகத்திலிருந்து எதிர்ப்பெட்டி பிதுங்கி வெளியே வருவதைப் பார்த்தான். கூட்டம். தொப்பிகள், கண்ணாடிகள், சிவந்த முகங்கள். கையைத் தூக்கிய காசியான். முகங்கள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டிருந்த முகங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஓடாமல் நின்றது.

தொப்பி இல்லை. கோட்டு இல்லை. நீல ஏப்ரன். கன்னம் காசியானின் முதுகில் சாய்ந்திருந்தது. தூங்குகிற குழந்தை சாய்ந்திருக்கிற மாதிரி.

கடந்துவிட்டது.

மேல் நிலையத்தில் கதவு முழுதாகத் திறப்பதற்கு முன்பே பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தான். இரும்புப் படி, நடைபாதை, உணவகத்தின் இரட்டைக் கதவு. உள்ளே வெங்காயமும் வெண்ணெயும் பொரிந்த வாசம் முகத்தில் அறைந்தது. புர்கி கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடிக் குவளை ஒன்றை விளக்குக்கு நேராகப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொக்கியில் பச்சைக் கோப்பை ஈரத்தோடு தொங்கியது.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சூடாக இருந்தது. பாத்திரம் கழுவிய வெந்நீரின் சூடு.

"என்ன, நாடி பாக்குறியா?"

"இப்ப நீ அவன்கூட கீழ போனியா?"

புர்கி குவளையைக் கீழே வைத்தாள். மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த சமையலறைப் பெண்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"உன் முன்னாடி நிக்கிறேன் ரோமெட்."

"இன்னிக்கு ராத்திரி நீ கீழ வர்ற. என்கூட."

அது அவன் காலையிலிருந்தே நெஞ்சுக்குள் வைத்திருந்த பேச்சு. கடைசி ஓட்டத்தில் எந்தப் பெட்டி மேலே போய் நிற்கிறதோ, அந்தப் பெட்டிக்காரன் இரவு மேல் நிலையத்தில் தங்கிக் காவல் இருக்க வேண்டும். இன்று அந்த முறை காசியானுக்கு விழுந்திருந்தது. காற்று பலமாக இருந்தாலோ மறுநாள் கூட்டம் வரும் என்றாலோ புர்கியும் உணவகத்து மாடி அறையில் தங்கிவிடுவாள். இந்தக் குளிர்காலத்தில் அப்படிப் பல இரவுகள். அதில் எத்தனை இரவு காசியானின் முறை என்பதை ரோமெட் கணக்குப் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

புர்கி பொறுமையாகத்தான் சொன்னாள். காற்று இப்படி அடித்தால் காலையில் முதல் பெட்டி எப்போது வருமோ தெரியாது, விடிவதற்குள் மாவு பிசைந்து உப்பவைத்தாக வேண்டும், அதற்கான ஈஸ்ட் பெட்டிகூட இன்னும் கீழேயே கிடக்கிறது, அதை வேறு யாராவது போய் எடுத்து வர வேண்டும். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. வர்றியா இல்லையா என்று மறுபடியும் கேட்டான்.

"ஒண்ணு பண்ணு," என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. "மாட்டுக்குக் கட்டுற மணி இருக்குல்ல, அதுல ஒண்ணை என் கழுத்துல கட்டிவிடு. எந்தப் பக்கம் சத்தம் கேக்குதுன்னு கீழ இருந்தே தெரிஞ்சுக்கலாம்."

சமையலறைப் பெண்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மணி அடித்தது. அவன் போக வேண்டும். கடைசிப் பயணிகள் பெட்டிக்கு முன்னால் காத்திருந்தார்கள்.

இறங்கும்போது காற்று கூடிவிட்டது. ஓத்மார் வடத்தின் வேகத்தைக் குறைத்தான். பெட்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. விளக்குக் கம்பிகள் விசில் அடித்தன, பயணிகளின் பேச்சு குறைந்து நின்றுபோனது, யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது. ரோமெட் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நின்றான். பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

வேகம் குறைந்ததால் இந்தத் தடவை ஒரு மூச்சில் முடியவில்லை. எதிர்ப்பெட்டி அருகில் வந்து, அருகிலேயே இருந்தது. காசியான் தன் வடத்தைப் பார்த்தபடி, கையைத் தூக்கியபடி நின்றான். அவன் உதடு குவிந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தது. தனியாக இருக்கிறவன் நிற்கிற மாதிரி நின்றான். அவனுக்குத் தெரியவில்லை. அவன் பின்னால் அவள் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. அவள் இரண்டு கைகளையும் ஏப்ரனின் பையில் விட்டுக்கொண்டு, ரோமெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி நகர நகர அவள் முகமும் திரும்பியது. நகர்ந்தது. திரும்பியது. ஒரு கழுத்து திரும்பக்கூடிய அளவு திரும்பி முடிந்த பிறகும் திரும்பியது.

அவள் புன்னகைத்தாள். காதலித்த காலத்தில் அவனைப் பார்த்து அப்படிப் புன்னகைத்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. காசியானைப் பார்த்து அப்படிப் புன்னகைத்திருப்பாள். அந்தக் கோடையில்.

பயத்தைவிட அதுதான் அவனை அதிகம் சுட்டது.

கீழே இறங்கியதும் ஓத்மார் இயந்திர அறையிலிருந்து எட்டிப் பார்த்து, முகம் ஏன் சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று கேட்டான். தெற்குக் காற்று என்றான் ரோமெட். இன்னும் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்தான், மேலே போய் மலையைப் பூட்டிவிட்டு வா என்றான் ஓத்மார்.

அந்த ஏற்றத்தில் ரோமெட் பார்க்கவில்லை. எதிர்ப்பெட்டியின் வெளிச்சம் மேலிருந்து இறங்கி வருவது தெரிந்ததுமே கையைத் தூக்கி, கண்ணைத் தன் வடத்தின் மேல் பதித்துக்கொண்டான். எண்ணெய் பூசிய கறுத்த வடம். முறுக்கு முறுக்காக. வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது, அவன் கன்னத்தில் தங்கியது, போனது. யாரோ கண்ணாடியில் தட்டிய மாதிரி இருந்தது. அவன் திரும்பவில்லை.

மேல் நிலையம் காலியாக இருந்தது. சமையலறைப் பெண்கள் காசியானோடு இறங்கிவிட்டார்கள். உணவகத்தில் விளக்கு அணைந்திருந்தது. புர்கியை எங்கே தேடுவது, மறுபடியும் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

நடைமேடையில் அவள் நின்றிருந்தாள். கோட்டு போட்டிருந்தாள். கழுத்துவரை பொத்தான்.

"போகலாமா?" என்றாள்.

அவனால் முதலில் நம்ப முடியவில்லை. பிறகு நெஞ்சுக்குள் ஏதோ கட்டவிழ்ந்து, காலிலிருந்து தலைவரை சூடு பரவியது. வருகிறாள். காசியானின் இரவை விட்டுவிட்டு அவனோடு வருகிறாள். மாவு, ஈஸ்ட், காலைக் கூட்டம் எதுவும் அவள் பேசவில்லை. மணியைப் பற்றிச் சொன்னதற்கு வருத்தமும் சொல்லவில்லை. நேராகப் பெட்டிக்குள் வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கதவு திறந்திருந்தவரை காற்று உள்ளே புகுந்து அவன் தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. அவள் நெற்றி முடி அசையவில்லை. வெங்காய வாசம் இல்லை, வெண்ணெய் வாசம் இல்லை. குளித்திருப்பாள் என்று நினைத்தான். அவனுக்காக.

வயர்லெஸ்ஸை எடுத்து, மலை காலி, இரண்டு பேர் இறங்குகிறோம் என்றான்.

ஓத்மாரின் குரல் வந்தது. "ரெண்டு பேரா? இங்க முள்ளு ஒரு ஆள் எடைதான் காட்டுது."

"ரெண்டு பேர்," என்றான் ரோமெட், அவளைப் பார்த்துச் சிரித்தபடி.

"குளிர்ல ஒட்டிக்கிச்சு போல. சரி, வா."

மணி அடித்தது. இறங்கினார்கள். மேகத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல்கள் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்தன. அவள் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பேசினால் ஏதாவது கலைந்துவிடும் என்றிருந்தது. அவன் மனசு முழுக்க ஒரே ஆசைதான். காசியான் பார்க்க வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு வடத்தைப் பார்த்து நிற்கிற அந்த யோக்கியன், ஒரே ஒரு தடவை திரும்பி, ரோமெட்டின் பெட்டிக்குள் புர்கி நிற்பதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தனியாக மேலே போக வேண்டும். போய் அந்தப் பச்சைக் கோப்பையோடு இரவைக் கழிக்க வேண்டும்.

மேகம் கிழிந்தது. கீழிருந்து மஞ்சள் சதுரம் ஏறி வந்தது.

கடக்கும் இடத்தில் நிறுத்தக் கூடாது என்பது எழுதாத சட்டம். காற்றில் இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று நோக்கி ஆடும். ரோமெட்டின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது. இரண்டு ஜன்னல்களும் நேருக்கு நேர் வந்தன.

அழுத்தினான்.

வடம் கத்தியது. பெட்டி முன்னால் ஊசலாடி, பின்னால் ஊசலாடி, நின்றது. எதிர்ப்பெட்டியும் நின்றது. நடுவில் ஓர் அறை அகலம் இருட்டு. அதற்குக் கீழே வெகு ஆழம்.

காசியான் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். அவன் காலடியில் ஒரு ரொட்டிக் கூடை, ஈஸ்ட் பெட்டி. கூடைக்கு இந்தப் பக்கம் புர்கி. நீல ஏப்ரனுக்கு மேல் காசியானின் பெரிய மேலங்கியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. தலைமுடி கலைந்திருந்தது. அவள் வாயிலிருந்து ஆவி வந்தது.

முதலில் அவள் கோபமாகத்தான் பார்த்தாள். கையை விரித்து, என்ன இது என்று கேட்டாள். பிறகு அவள் கண் ரோமெட்டைவிட்டு அவன் பக்கத்துக்கு நகர்ந்தது.

கை விரித்தபடியே நின்றது.

வயர்லெஸ் கரகரத்தது. காசியானின் குரல்.

"ரோமெட்... உன் பக்கத்துல நிக்கிறது யாருடா?"

ரோமெட்டின் இடது கை முழங்கைக்கு மேல் ஒரு பிடி விழுந்திருந்தது. மெதுவான பிடி.

எதிர்ப்பெட்டியில் புர்கி காசியானின் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினாள்.

"ரோமெட், நான்தான். ஈஸ்ட் எடுக்கத்தான் கீழ போனேன். வழியில உன்னைப் பாத்து ஜன்னலைத் தட்டினேன், நீ திரும்பியே பாக்கல. அங்க இருக்கிறதைப் பாக்காத. என்னைப் பாரு."

அவன் அவளைப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். அவள் தோளில் காசியானின் மேலங்கி. அவள் பின்னால், அவளைத் தாங்குகிற மாதிரி, காசியானின் கை. இரவு முழுக்க மேலே தங்கப் போகிறவள் இவள். கூட வருகிறேன் என்று சொல்லாதவள் இவள்.

பக்கத்தில் நிற்பவள் எதுவும் கேட்கவில்லை. எதுவும் மறுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே புன்னகை. அந்தக் கோடையின் புன்னகை. இப்போது அவனுக்கு.

ஓத்மாரின் குரல் குறுக்கே வந்தது. காற்று ஏறுகிறது, அங்கே நிற்க முடியாது, என்ன கோளாறு, விடலாமா?

"விடாத," என்றாள் புர்கி. அழுதுகொண்டிருந்தாள். "ரோமெட், அவன்கிட்ட விடுன்னு சொல்லாத. உன் மேல சத்தியமா எனக்கு யாரும் இல்ல. யாரும் இல்லடா."

பெட்டிகள் ஆடின. விலகின. நெருங்கின. ஒரு நொடி அவள் கை எட்டிவிடும்போல இருந்தது.

எது பொய் என்று அவனுக்குத் தெரியும். காற்றில் அசையாத முடியைப் பார்த்தபோதே தெரியும். தெரிந்தும் அவன் கண் மேலங்கியில்தான் இருந்தது. அந்த மேலங்கியில்.

"விடு," என்றான்.

வடம் இழுத்தது.

புர்கியின் இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அறைந்தன. சத்தம் கேட்கவில்லை. அவன் இறங்க இறங்க அவள் ஏறினாள். முகம் போனது. கைகள் போயின. சதுரம் மட்டும். புள்ளி மட்டும். மேகம்.

ரோமெட் முன் கண்ணாடியைப் பார்த்து நின்றான். பள்ளத்தாக்கின் விளக்குகள் தெரிந்தன. தேவாலயக் கோபுரம். அவர்கள் வீட்டுத் தெரு. இடது கையில் அந்தப் பிடி கொஞ்சம் இறுகியது.

அப்போது வலது கையிலும் ஒன்று விழுந்தது.

அதே விரல்கள். பாத்திரம் கழுவிக் கழுவிச் சொரசொரத்த அதே உள்ளங்கை. அவள் இடது பக்கம்தான் நிற்கிறாள். நகரவில்லை.

பெட்டி கீழே அமுங்கியது. ஆள் ஏறும்போது அமுங்குமே, அப்படி.

மறுபடியும் அமுங்கியது.

யாரோ அவன் முதுகில் கன்னத்தைச் சாய்த்தார்கள். குளிர். தூங்குகிற குழந்தை சாய்கிற மாதிரி. புத்தாண்டுக்குப் பிறகு எத்தனை தடவை எட்டிப் பார்த்தான்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? பின்னால் துணி உரசியது. ஏப்ரன் துணி. பல ஏப்ரன்கள். காலைக் கூட்டத்தில் உரசுகிற மாதிரி, இடம் கேட்டு, நெருக்கி, நெருக்கி.

வயர்லெஸ் கரகரத்தது. ஓத்மார் சிரிக்க முயன்றான், முடியவில்லை.

"ரோமெட், முள்ளு ஏறிக்கிட்டே இருக்கு. இன்னும் ஏறுது. எத்தனை பேரைடா ஏத்திருக்க?"

அவன் திரும்பவில்லை. கழுத்தை ஒரு கை சுற்றியது. இன்னொன்று. இன்னொன்று. முன் கண்ணாடி அவன் மூச்சில் வெளுத்தது. அவன் மூச்சில் மட்டும். விளக்குகள் மேலே ஏறி வந்தன. கீழ் நிலையத்தின் கதவுகள் அவனுக்காக மெல்லத் திறந்துகொண்டிருந்தன.